பயணத்துக்கோர் அமீர்
(விடுமுறைக்கால வெளிச்சமையலும் நமது பொறுப்பும்)



பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நமது இல்லங்களில் ஒரு புதிய பரபரப்பு தொற்றிக்கொள்கிறது. சுப்ஹுத் தொழுகை முடிந்த கையோடு வாசலில் வேன் வந்து நிற்கும். அரிசி மூடை, நெய் டின், இறைச்சிப் பெட்டி, சஹன்கள், பாய்கள், எரிவாயு சிலிண்டர் என ஒவ்வொன்றாக ஏறும். கித்துல்கலை ஆற்றங்கரையோ நீர்கொழும்புக் கடற்கரையோ, எங்கேனும் ஒரு மரநிழலில் அடுப்பு மூட்டி, ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றியமர்ந்து உண்டு மகிழ்ந்து திரும்புவது நம்மவரின் நல்ல வழக்கங்களுள் ஒன்று. உறவு வளர்கிறது, தொலைக்காட்சியின் முன் முடங்கிக் கிடக்கும் பிள்ளைகள் காற்றையும் வெயிலையும் காண்கின்றனர். ஆகவே இங்ஙனம் செல்வதைத் தடுக்கும் நோக்கில் இதனை நான் எழுதவில்லை. சென்றவர் அனைவரும் திரும்பி வரவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

இத்தகைய பயணங்களில் பணம் சேகரிக்க ஒருவர் இருப்பார். சமைக்கப் பண்டாரி ஒருவர் இருப்பார். புகைப்படம் எடுக்கப் பத்துப் பேர் இருப்பார்கள். ஆனால் நெருப்பின் அருகே நிற்பவர் யார், நீரில் இறங்கும் பிள்ளைகளைக் கண்காணிப்பவர் யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் நினைத்திருக்கும் இடத்திலேதான் எவரும் பார்ப்பதில்லை.

மூவர் பயணம் புறப்பட்டாலும் தம்முள் ஒருவரை அமீராக ஆக்கிக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக அபூஸஈத் அல்குத்ரி (ரழி) அவர்கள் வாயிலாக அபூதாவூதில் ஹதீஸ் வந்துள்ளது. நாம் அதனை ஹஜ், உம்ராப் பயணங்களுக்கும் ஜமாஅத்தாகச் செல்வதற்கும் மட்டும் உரியதென ஒதுக்கிவிட்டோம். முப்பது பேர் ஆற்றுக்குச் செல்லும் வேனிலும் ஓர் அமீர் வேண்டும். அவர் வயதில் மூத்தவராக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. 'இப்போது ஒருவரும் தண்ணீரில் இறங்கக் கூடாது' என்று சொன்னால் மற்றவர்கள் கேட்கக்கூடியவராக இருக்க வேண்டும். அவர் அன்று சமைக்கவும் வேண்டாம், நீந்தவும் வேண்டாம். கண்காணிப்பதே அன்று அவரது வேலை.

முதலில் நெருப்பைப் பற்றிப் பேசுவோம். மதீனாவில் ஓர் இரவு ஒரு வீடு அதில் இருந்தவர்களோடு தீப்பற்றிக்கொண்டது. அச்செய்தி எத்திவைக்கப்பட்டபோது நபி (ஸல்) அவர்கள், நெருப்பு மனிதர்களுக்கு எதிரி என்றும் உறங்கச் செல்லும்போது அதனை அணைத்துவிட வேண்டும் என்றும் அறிவுறுத்தினார்கள். அபூமூஸா அல்அஷ்அரி (ரழி) அவர்கள் அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் உள்ளது. விபத்தொன்று நிகழ்ந்ததும் அனுதாபத்தோடு நின்றுவிடாமல், அது மறுமுறை நிகழாதிருக்கும் வழியை உடனே கற்றுக்கொடுத்தது இதில் நாம் கவனிக்க வேண்டிய விடயமாகும்.

நான் அரபுக் கல்லூரியில் ஓதிக்கொண்டிருந்த காலத்தில் மாணவர்கள் சிலர் கடற்கரையொன்றுக்குச் சென்றோம். கோழி சுட்டுச் சாப்பிட்டபின், எஞ்சிய சிரட்டைக் கரி நெருப்பின் மீது மணலை அள்ளிப் போட்டு மூடினோம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்றே எண்ணினோம். அஸருக்குப் பின்னர் பந்து விளையாடிய எங்கள் தோழர் ஒருவர் வெறுங்காலோடு அவ்விடத்தில் மிதித்துவிட்டார். அவரது அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது. மணல் நெருப்பை அணைப்பதில்லை, மறைக்கிறது. உள்ளே கங்கு மணிக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். மேலே பார்த்தால் வெறும் மணல். கரியின் மீது தண்ணீரைத் தாராளமாக ஊற்றி, குச்சியால் கிளறி, மீண்டும் ஊற்றி, புறங்கையை அருகே கொண்டுபோனால் சூடு தெரியாத வரையில் அந்த இடத்தை விட்டு நகரக் கூடாது. மணல் மூடிய குழியில் நாளை காலை மிதிக்கப்போவது யாருடைய பிள்ளையோ நமக்குத் தெரியாது.

கரி எளிதில் பற்றவில்லையென மண்ணெண்ணெயையோ பெற்றோலையோ ஊற்றும் வாலிபர்களை அடிக்கடி காண்கிறோம். எரிவது பெற்றோலன்று, அதன் ஆவியே. அது கண்ணுக்குத் தெரியாமல் பரவி நிற்கும். குச்சியைக் கிழித்தவுடன் ஊற்றியவரின் கைக்கும் முகத்துக்கும் தாவும். புகைந்துகொண்டிருக்கும் கங்கின் மீது ஊற்றினால் போத்தல் வரை தீ வந்துவிடும். காகிதமும் காய்ந்த தென்னம்பாளையும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

எரிவாயு சிலிண்டரைப் பற்றி இந்நாட்டு மக்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடுகள் பலவற்றில் அடுப்புகள் வெடித்ததும், அதனை ஆராய ஜனாதிபதியினால் குழுவொன்று நியமிக்கப்பட்டதும் நமது நினைவில் உள்ளன. இந்த வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் தாழ்வான இடங்களிலும் வேனின் தரையிலும் தேங்கி நிற்கும். ஆகவே ஆட்கள் நிறைந்த, கண்ணாடிகள் மூடிய வேனில் சிலிண்டரைக் கிடத்திக் கொண்டு செல்வது பெரும் ஆபத்து. அது எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். குழாயையும் பூட்டையும் பொருத்தியபின் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள். குமிழி எழுந்தால் அன்று விறகு அடுப்புத்தான்.

மழை வந்தால் கரி அடுப்பைக் கூடாரத்தினுள்ளோ படங்கின் கீழோ வேனுக்குள்ளோ கொண்டுவருவோரும் உண்டு. எரியும் கரியிலிருந்து வெளிப்படும் காபன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. அது குருதியில் ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், பின்னர் உறக்கம். அந்த உறக்கத்திலிருந்து எழாதவர்கள் உலகெங்கும் உண்டு.

வெள்ளவத்தையின் அடுக்குமாடிகளில் மொட்டைமாடிப் பார்பிகியூ இப்போது பெருநாள் வழக்கமாகிவிட்டது. சுவரோ தடுப்போ இல்லாத கூரையில் உறங்குவதைக் கூட எச்சரித்த மார்க்கம் நம்முடையது; இரவில், புகைக்கு நடுவே, தாழ்ந்த கைப்பிடிச் சுவரின் அருகே சிறுவர்கள் ஓடி விளையாடுவதை என்னென்பது? கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலோ வீட்டுக்கு வீடு கைக்கெட்டும் தூரம். அங்கே தீயணைப்பு வாகனம் உள்ளே வருவதற்குள் அண்டை வீட்டுக் கூரை பற்றிவிடக்கூடும். மாடியானாலும் ஒழுங்கையானாலும் ஒரு வாளி தண்ணீரும் ஒரு வாளி மணலும் அடுப்பு மூட்டுமுன்னரே அருகில் இருக்கட்டும்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. அடுப்பருகே நிற்கும்போது ஷோலின் தொங்கும் நுனிகளைச் செருகிக்கொள்ளுங்கள். செயற்கை நூல் ஆடை தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், பருத்தி உடுத்துவது மேல். தீக்காயம் பட்டால் பற்பசை, நெய், முட்டை வெள்ளைக்கரு எதுவும் வேண்டாம். ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடங்கள் பிடித்திருங்கள். தேனில் நிவாரணம் உண்டென்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் சுட்ட கணத்தில் தோல் வேண்டுவது தண்ணீரையே.

உணவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். சுப்ஹுக்கு முன் கொழும்பில் சமைத்து, மூடிகட்டி, வெயிலில் நான்கு மணித்தியாலம் பயணித்து, லுஹர் தொழுதபின் திறக்கும் புரியாணியே நான் அதிகம் அஞ்சுவது. சமைத்த உணவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கலாகாது என்றும், 60 பாகை செல்சியசுக்கு மேலோ 5 பாகைக்குக் கீழோ வைத்திருக்க வேண்டும் என்றும் உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகிறது. சோற்றில் வளரும் ஒருவகைக் கிருமியின் நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. எனவே, அரிசியைக் கொண்டுபோய் அங்கேயே ஆக்குங்கள். மசாலா பூசிய பச்சை இறைச்சியை ஐஸ் பெட்டியில் அடியில் வையுங்கள். அது இருந்த தட்டில் சுட்ட இறைச்சியைத் திரும்ப வைக்காதீர்கள். முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்ந்த வட்டிலப்பமும் ஐஸ் பெட்டிக்குரியதே. ஒரு சஹனில் ஆறு கைகள் இறங்குகின்றன. ஒரு கை அழுக்கானாலும் ஆறு வயிறுகள் நோகும். சவர்க்காரத்தை மறவாதீர்கள்.

இனித் தண்ணீர். நெருப்பும் உணவும் காயப்படுத்தும், நோய்ப்படுத்தும். நமது பயணங்களில் உயிரை அதிகம் பறிப்பது தண்ணீரே. 2023 மார்ச் மாதத்தில் கல்முனை, சாய்ந்தமருதுப் பிரதேசங்களைச் சேர்ந்த வாலிபர்கள் நால்வர், வெல்லவாய எல்லாவெல நீர்வீழ்ச்சியில் நீராடச் சென்று மூழ்கி வபாத்தானார்கள். இருபது வயதைச் சுற்றிய பிள்ளைகள். சுற்றுலா சென்றவர்களின் ஜனாஸாக்களை ஊர் வரவேற்ற அந்த நாளை நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது. அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக, அவர்களுடைய பெற்றோருக்குப் பொறுமையை அருள்வானாக.

நீர்வீழ்ச்சியின் அடியில் நீர் சுழல்கிறது. பாசிபடிந்த பாறை வழுக்குகிறது. முழங்கால் அளவுக்கு அடுத்த அடியில் ஆள் உயரக் குழி இருக்கலாம். ஆற்றிலோ நாம் நிற்குமிடத்தில் வெயிலடிக்க, மேலே மலையில் மழை கொட்டியிருக்கலாம். நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறக்கப்பட்டிருக்கலாம். தெளிந்த நீர் கலங்கினால், சருகும் குச்சியும் மிதந்து வந்தால், அந்தக் கணமே கரையேற வேண்டும். உடையை எடுத்துக்கொண்டு ஏறுவோம் என்று நிற்பதற்கு நேரமில்லை.

ஒருவர் மூழ்கும்போது தோழர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பாய்வதே ஒரு மரணத்தைப் பலவாக்குகிறது. மூழ்குபவர் அச்சத்தில் காப்பாற்ற வந்தவரின் கழுத்தைப் பற்றி அழுத்திவிடுவார். அன்பு மிகுந்த நண்பனே முதலில் பாய்கிறான் என்பதுதான் இதில் பெரிய வேதனை. வாலிபர்களே, பாயாதீர்கள், எறியுங்கள். மூடி இறுக்கிய வெறும் தண்ணீர்க் கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி எப்போதும் கரையில் வைத்திருங்கள். அதுவுமில்லையேல், கரையில் படுத்துக்கொண்டு சாரத்தின் ஒரு முனையை நீட்டுங்கள். வெளியே எடுத்தவரின் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்க முனைந்து நேரத்தை இழக்காதீர்கள். மூச்சில்லையேல் வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதி, நெஞ்சை அழுத்தும் முதலுதவியை உடனே தொடங்க வேண்டும். இன்னொருவர் 1990 இலக்கத்துக்கு அழைத்துச் சுவசெரிய அம்பியூலன்ஸை வரவழைக்கட்டும். அது இலவசம். இம்முதலுதவியை அறிந்த ஒருவரேனும் வேனில் உண்டா என்பதைப் புறப்படுமுன்னரே அமீர் கேட்டுக்கொள்வது நல்லது.

பெற்றோரே, மூழ்கும் குழந்தை கூச்சலிடுவதில்லை. மூச்சுக்கே வழியில்லாதபோது குரல் எங்கிருந்து வரும்? நாம் சஹனைச் சுற்றிக் கதைத்துக்கொண்டிருக்கையில், பத்தடி தூரத்தில், சத்தமின்றி அது நடந்து முடிந்துவிடும்.

கடலுக்கும் காலம் உண்டு. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்று வீசுகையில் நமது கொழும்புக் கரை கொந்தளிக்கும். ஆகஸ்ட் விடுமுறை சரியாக அதற்குள் விழுகிறது. கல்கிசையிலோ காலிமுகத்திடலிலோ அந்நாட்களில் காலை நனைப்பதோடு நின்றுகொள்ளுங்கள். அலைகளுக்கு நடுவே நுரையற்று அமைதியாகத் தோன்றும் இடத்தையே பலர் தெரிவு செய்கின்றனர். நீர் கடலுக்குள் திரும்பி இழுத்துச் செல்லும் பாதை பெரும்பாலும் அதுவே. அதில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்குச் சமாந்தரமாகப் பக்கவாட்டில் நீந்தி வெளியேற வேண்டும். ஏப்ரலில் கடல் சற்று அடங்கியிருக்கும், ஆனால் பிற்பகலில் இடிமின்னல் வரும். முதல் முழக்கத்திலேயே மரத்தடியை விட்டு வேனுக்குள் ஏறிவிடுங்கள், சோறு வேகாவிட்டாலும் சரியே.

வெள்ளவத்தைப் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று: நீங்கள் கடலுக்குப் போகக் கடப்பது கரையோரப் புகையிரதப் பாதை. அலையின் இரைச்சலில் புகையிரதத்தின் ஓசை கேட்பதில்லை. காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு தண்டவாளத்தில் நின்று புகைப்படம் எடுப்பது வீரமன்று.

மஃரிபை நெருங்கும்போது அடுப்பை அணைத்து, குப்பையைக் கட்டி, பாத்திரங்களை ஏற்றியபின் அமீர் ஒரு காரியம் செய்யட்டும். காலையில் புறப்படுமுன் எழுதிய பெயர்த் தாளை எடுத்து, ஒவ்வொரு பெயராக வாசிக்கட்டும். தலைகளை எண்ணுவதை விடப் பெயர்களை அழைப்பது மேல். எண்ணிக்கையில் அடுத்த வேனின் பிள்ளை ஒன்று கலந்துவிடக்கூடும். ஒவ்வொருவரும் தம் வாயால் பதில் சொன்ன பின்னரே சாரதி வண்டியை எடுக்கட்டும்.