மோப்ப நாயின் விளையாட்டும் பயிற்சியும்

கேரள ராஜ்யத்தின் இடுக்கி ஜில்லாவைச் சேர்ந்த பீர்மேடு தாலுகா தேயிலைக்கும் ஏலத்துக்கும் பெயர் பெற்றது. பீர்மேட்டுக்கு மேற்கே மலை செங்குத்தாக இறங்குகிறது. அச்சரிவின் கீழே, மணிமலை ஆற்றில் சென்று சேரும் புல்லகயாற்றை ஒட்டி அமைந்திருப்பது கொக்கயாறு பஞ்சாயத்து. 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 16-ஆம் தேதி பெய்த பெருமழையில் இங்கே உருள்பொட்டல் என வழங்கும் நிலச்சரிவு நேர்ந்தது. வீடுகளும் அவற்றில் இருந்தோரும் சேற்றில் புதையுண்டனர். எங்கே தோண்டுவது என்று அறிய இயலாத நிலையில், கேரளப் போலீஸைச் சேர்ந்த மாயா, மர்ஃபி என்னும் இரண்டு நாய்கள் வரவழைக்கப்பட்டன. பெல்ஜியன் மாலினாய் இனத்தைச் சேர்ந்த இவ்விரண்டும், திருச்சூர் ராமவர்மபுரத்துப் போலீஸ் அகாடமியில் சடலங்களை மோப்பம் பிடித்துக் காட்டும் பயிற்சி பெற்றவை. அவை சுட்டிய இடங்களிலிருந்து உடல்கள் மீட்கப்பட்டன.

இத்தகைய நாய் தான் செய்வது துயரமான கடமை என்று அறியாது. அதனைப் பொறுத்தமட்டில் அது ஒரு விளையாட்டு. வாசனையைக் கண்டுபிடித்தால் பந்து கிடைக்கும் என்பதே அதன் கணக்கு. எனவே மேல்நாடுகளில் பொழுதுபோக்காக வளர்ந்துள்ள நாய் விளையாட்டுக்களுக்கும், பீர்மேட்டுச் சேற்றில் நடந்த வேலைக்கும் இடையே வெளித்தோற்றத்தில் காணப்படும் தூரம் உண்மையில் இல்லை.

அவ்விளையாட்டுக்கள் பலவகைப்பட்டன. ஆட்டு மந்தையை ஓட்டும் போட்டி அவற்றுள் பழையது. பிரிட்டனில் 1873-ஆம் ஆண்டு வேல்ஸ் பகுதியிலுள்ள பாலா என்னும் ஊரில் இது நடைபெற்றது. கீழ்ப்படிதல் பரீட்சை அமெரிக்காவில் 1933-ஆம் ஆண்டு தோன்றியது. நாய் தன் எஜமானரின் இடது முழங்காலை ஒட்டி நடத்தல், சொன்ன இடத்தில் அசையாது கிடத்தல், அழைத்தவுடன் வருதல், எறிந்த கட்டையை எடுத்துவந்து கையில் கொடுத்தல் முதலியன இதில் சோதிக்கப்படும். குதிரைகளின் தடை தாண்டும் பந்தயத்தைப் பார்த்து அமைக்கப்பட்டது அஜிலிட்டி எனப்படும் தடையோட்டம். இது 1978-இல் லண்டன் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில் இடைவேளை வேடிக்கையாக முதன்முதல் காட்டப்பட்டது. தாண்டுகட்டைகள், துணிக் குழாய்கள், ஏறி இறங்கும் பலகைகள், வரிசையாக நட்ட கழிகள் ஆகியவற்றை நாய் வார் இன்றி, எஜமானர் தொடாமல், குரலுக்கும் கையசைவுக்கும் மட்டுமே இணங்கிக் கடக்கவேண்டும். நான்கு நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடிப் பெட்டியிலிருந்து துள்ளும் பந்தைக் கவ்வி வரும் ஃபிளைபால் என்பதும் உண்டு. வேகமும் ஆரவாரமுமே அதன் சிறப்பு. ஜெர்மனியில் தோன்றிய ஷுட்ஸ்ஹுண்ட் என்பதோ தடம் பிடித்தல், கீழ்ப்படிதல், காவல் ஆகிய மூன்றையும் ஒரே நாயிடம் எதிர்பார்க்கும் கடினமான பரீட்சையாகும்.

மலைநாட்டு வாசகர்களுக்கு விசேஷமாகத் தோன்றக்கூடியது இவற்றுள் மிகப் புதியதாகிய மோப்ப விளையாட்டு. போலீஸ் மோப்ப நாய்களைப் பழக்கியவர்கள் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இதனைச் சாதாரண வீட்டு நாய்களுக்கென வகுத்தனர். ஒளித்துவைக்கும் வாசனைகளில் ஒன்று, பீர்மேட்டு வீடுகளின் அஞ்சறைப்பெட்டிகளில் இருக்கும் கிராம்புதான். அதன் எண்ணெய் தோய்ந்த சிறு பஞ்சுத் துண்டை அறையிலோ வண்டியின் அடியிலோ திறந்த வெளியிலோ மறைத்து வைப்பார்கள். நாய் அதனைக் கண்டுபிடிக்க வேண்டும். முடம்பட்ட நாயும் கிழட்டு நாயும் கூச்சமுள்ள நாயும்கூட இதில் ஈடுபடலாம்.

ஒரே நாயை இவ்விளையாட்டுக்களில் பலவற்றில் பழக்கிப் பார்ப்பது வீண் அலைச்சல் என்று சிலர் கருதலாம். அக்கருத்து சரியன்று. கீழ்ப்படிதலில் நாய் கவனத்தைக் கற்கிறது. தடையோட்டத்தில் தன் பின்னங்கால்கள் எங்கே ஊன்றுகின்றன என்பதைக் கற்கிறது. ஆடும் பலகை மீது அஞ்சாமல் நிற்கவும், எஜமானரை விட்டு விலகி இயங்கவும் பழகுகிறது. மோப்ப விளையாட்டிலோ, எஜமானர் அறியாத ஒன்றைத் தான் அறிந்து அவருக்குச் சொல்லக் கற்கிறது. இடிந்த வீட்டின் ஓடுகள் மீதும் வழுக்கும் பாறைகள் மீதும் தேடவேண்டிய நாய்க்கு இம்மூன்றும் தேவை. மேலும், எந்த நாய்க்கு எது இயல்பாக வரும் என்பது பழக்கிப் பார்த்தாலன்றித் தெரியாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாட்டு வேட்டை நாய்கள் கண்ணால் இரையைக் கண்டு துரத்தும் வகையைச் சேர்ந்தவை. வேகத்தில் அவற்றுக்கு நிகர் அரிது. ஆனால் நிலத்தில் மூக்கைப் பதித்து நிதானமாகத் தேடும் வேலையில் லாப்ரடார் காட்டும் விருப்பத்தை அவற்றிடம் எதிர்பார்ப்பது நியாயமாகாது. விளையாட்டு என்ற பெயரில் நாய்களைச் சண்டைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டின் பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இனி மோப்பத்தின் இயல்பைக் காண்போம். மனிதனின் மூக்கில் வாசனையை உணரும் அணுக்கள் சுமார் 50 அல்லது 60 லட்சம் உள்ளன. நாயின் மூக்கிலோ அவை 20 கோடிக்கு மேற்பட்டவை. மோப்பம் பிடிக்கும்போது நாய் விநாடிக்குச் சுமார் ஐந்து முறை காற்றை இழுக்கிறது. இழுத்த காற்றில் ஒரு சிறு பகுதி பிரிந்து மூக்கின் உட்புறத்திலுள்ள தனி அறைக்குச் செல்கிறது. எஞ்சியது நுரையீரலுக்குப் போகிறது. வெளிவிடும் மூச்சு மூக்கின் பக்கவாட்டுப் பிளவுகள் வழியே பின்னோக்கிப் போவதால், உள்ளே வரும் வாசனை கலைந்துவிடுவதில்லை. இளைப்பினால் வாய் திறந்து மூச்சு வாங்கும் நாயால் நன்கு மோப்பம் பிடிக்க இயலாது. ஆகவே உடலுறுதி ஓட்டப் போட்டிக்கு மட்டும் உரியதன்று. மூக்குக்கும் அது வேண்டும்.

வாசனை நேர்க்கோட்டில் வருவதும் இல்லை. மலைச்சரிவில் வெயில் ஏறும்போது காற்று மேல்நோக்கி எழுகிறது. மாலையில் குளிர்ந்து கனத்த காற்று பள்ளத்தை நோக்கி வழிகிறது. காலையில் சரிவின் உச்சியில் நின்று நாய் குரைத்தால் பொருள் கீழே இருக்கலாம். மாலையில் பள்ளத்தில் நின்று குரைத்தால் அது மேலே இருக்கலாம். சேற்றின் அடியிலிருந்து எழும் வாசனை, மண் வெடித்த இடத்திலோ நீர் கசியும் இடத்திலோதான் வெளிப்படும். அது புதையுண்ட இடத்திலிருந்து பல அடி தள்ளியும் இருக்கக்கூடும். இதனாலேயே மீட்புப் பணியில் நீண்ட கம்பிகளைச் சேற்றில் செலுத்தித் துளைகள் இட்டு, சற்றுக் காத்திருந்து, பிறகு நாயை மறுபடியும் அவ்வழியே நடத்துகிறார்கள். நாய் சொல்வதைக் கேட்பது ஒரு வேலை. காற்றையும் நீரையும் அறிந்து அதற்குப் பொருள் காண்பது மற்றொரு வேலை. பின்னது மனிதனுடையது.

பயிற்சி என்பது குட்டிப் பருவத்திலேயே தொடங்கிவிடுகிறது. அமெரிக்க ஆராய்ச்சியாளர்களான ஸ்காட், ஃபுல்லர் என்போர் 1965-இல் வெளியிட்ட நூலில், ஏறத்தாழ மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை குட்டி தன் உறவுகளை அமைத்துக்கொள்ளும் பருவம் என்று காட்டினர். இக்காலத்தில் மனிதர்களையும் இரைச்சலையும் பலவகைத் தரைகளையும் காணாத குட்டி, பிற்காலத்தில் அஞ்சும் நாயாகலாம். ஆனால் உயரம் தாண்டுதல் இப்பருவத்துக்கு உரியதன்று. எலும்பின் வளர்ச்சி முடியாத நாய்க்கு அது கேடு. இங்கிலாந்துக் கென்னல் கிளப்பின் தடையோட்டப் போட்டிகளில் ஒன்றரை வயது நிரம்பாத நாய் சேர்க்கப்படுவதில்லை.

முதற்பாடம் எளியது. பந்துக்கு ஆசைப்படும் நாய், குறித்த வாசனையின் அருகே பந்து கிடைப்பதைக் காண்கிறது. பிறகு வாசனையைக் கண்டு குரைத்தாலோ உட்கார்ந்தாலோதான் பந்து என்றாகிறது. வெகுமதி ஒரு விநாடி தாமதித்தாலும், நாய் வேறொரு செயலுக்கு அதனைப் பெற்றதாக எண்ணிவிடும். உட்கார்ந்தபோது கொடுக்கவேண்டியதை எழுந்தபின் கொடுத்தால், எழுவதைக் கற்பித்தவர்களாவோம். அடியும் அதட்டலும் இங்கே பயன்படா. அஞ்சிய நாய் தேடுவதை விட்டுவிட்டு எஜமானரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

உழைப்பு என்றவுடன் நாள் முழுவதும் பழக்குவது என்று பொருள்கொள்ளலாகாது. டென்மார்க்கில் 2008-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், வாரம் ஒரு முறை பழக்கப்பட்ட பீகிள் நாய்கள், வாரம் ஐந்து முறை பழக்கப்பட்டவற்றைவிடக் குறைந்த பாடங்களில் அதே செயலைக் கற்றன. ஆனால் கற்று முடிக்க அதிக வாரங்கள் ஆயின. சிறு பாடம், இடையே ஓய்வு, மாதக்கணக்கில் விடாமை ஆகியனவே முறை. மழையிலும் பனியிலும், தன் உடல்நலம் குன்றிய நாளிலும் பயிற்சியாளர் மைதானத்துக்குச் செல்லவேண்டியிருக்கிறது. அன்று நாய் மறந்துவிட்டதுபோல் நடந்துகொண்டால் முந்திய பாடத்துக்குத் திரும்பவேண்டியிருக்கிறது. பொறுமை என்று பொதுவாகச் சொல்லப்படுவது இதுதான்.

எல்லாவற்றிலும் கடினமானது வேறொன்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் நடந்து 2011-இல் வெளியான ஒரு சோதனையை மோப்ப நாய்த் துறையில் உள்ள எல்லோரும் அறிதல் நலம். பதினெட்டு பயிற்சியாளர்களும் அவர்களுடைய நாய்களும் ஒரு கட்டடத்தில் தேடுமாறு செய்யப்பட்டனர். அறைகளில் வெடிமருந்து அல்லது போதைப்பொருளின் வாசனை இருப்பதாகவும், சிவப்புக் காகிதம் ஒட்டிய இடங்கள் அதனைக் குறிப்பதாகவும் பயிற்சியாளர்களுக்குக் கூறப்பட்டது. உண்மையில் எந்த அறையிலும் எந்த வாசனையும் வைக்கப்படவில்லை. அவ்வாறிருந்தும் 144 தேடல்களில் 225 முறை நாய் கண்டுபிடித்துவிட்டதாகப் பயிற்சியாளர்கள் அறிவித்தனர். காகிதம் ஒட்டிய இடங்களில் இது மிகுதியாக இருந்தது. எதிர்பார்ப்புள்ள மனிதன் தன்னையறியாமல் ஓர் இடத்தில் தயங்குகிறான், வாரைத் தளர்த்துகிறான், உடலைத் திருப்புகிறான். நாய் அதனைப் படித்துவிடுகிறது. அல்லது நாய் ஒன்றும் சொல்லாதபோதே சொன்னதாக அவன் கொள்கிறான்.

விளையாட்டில் இப்பிழை சில மதிப்பெண்களோடு போகும். நிலச்சரிவில் அவ்வாறன்று. பொய்யான ஓர் அறிவிப்பினால் பலர் கூடி ஒரு பகல் முழுவதும் தவறான இடத்தைத் தோண்ட நேரும். காத்திருக்கும் குடும்பத்தார் இன்னோர் இரவைக் கழிக்க நேரும். எனவே தேர்ந்த பயிற்சியாளர், வாசனை எங்கே இருக்கிறதென்று தாம் அறியாத நிலையிலும், வாசனையே வைக்காத வெற்றிடத்திலும் அடிக்கடி நாயைச் சோதிக்கிறார். வெற்றிடத்தில் ஒன்றும் இல்லை என்று நாய் சொல்வதும் வெற்றியே. அதற்கும் பிறகு வேறிடத்தில் எளிய தேடலொன்று தந்து, நாயின் ஊக்கம் கெடாமல் காக்கிறார்.

பயிற்சியே இல்லாமல் ஒரு நாய் கண்டுபிடித்ததுண்டே என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு, இதே ஜில்லாவின் தேவிகுளம் தாலுகாவில், ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணில் புதைந்தன. எழுபது பேர் வரை பலியான அவ்விபத்தில் இறந்தோர் பெரும்பாலும் தமிழர்கள். பலருடைய சொந்த ஊர் கயத்தாறு பக்கம். சில நாட்களுக்குப் பின், குவி என்னும் நாட்டு நாய் ஆற்றங்கரையில் நின்று விலகாமல் இருக்க, அங்கே அதனோடு விளையாடிய இரண்டு வயதுக் குழந்தையின் உடல் கிடைத்தது. போலீஸ் நாய்ப் பிரிவினர் அதனைச் சில காலம் தம்மிடம் வைத்துப் பழக்கினர். பின்பு அக்குடும்பத்தில் எஞ்சிய பாட்டியிடமே அது திருப்பித் தரப்பட்டது. குவி தேடியது தான் நேசித்த ஒரு குழந்தையை. மாயாவும் மர்ஃபியும் தேடுவதோ முன்பின் அறியாதோரை. அதுவும் ஊர் ஊராக, 2024-இல் வயநாட்டிலும், 2025-இல் தெலங்கானாவில் இடிந்த கால்வாய்ச் சுரங்கத்திலும். முன்னதை அன்பு செய்யும். பின்னதற்கு ஆண்டுக்கணக்கான பழக்கம் வேண்டும்.

பள்ளிகளிலும் கிராமங்களிலும் இதனை எளிதாகச் செய்துகாட்ட முடியும். தடுப்பூசி போடப்பட்ட, சாதுவான ஒரு வீட்டு நாய் போதும். தெரு நாய்களைப் பிள்ளைகள் அணுகவிடலாகாது. எந்த நாயாவது கடித்தோ பிறாண்டியோ விட்டால், உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவி, ஆஸ்பத்திரிக்குச் சென்று ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே மாதிரியான ஆறு அட்டைப் பெட்டிகளை மூன்றடி இடைவெளியில் வைக்கவேண்டும். ஒன்றில் மட்டும், துளையிட்ட மூடியுள்ள டப்பியில் கிராம்பை வைத்து, முதல் சில நாட்கள் அதன்மேல் சிறு தின்பண்டமும் இடலாம். பிறகு தின்பண்டத்தை நிறுத்தி, கிராம்புப் பெட்டியை நாய் முகர்ந்த கணமே கையால் கொடுக்கலாம். ஐந்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். வெயில் ஏறுமுன் நடத்துதல் நல்லது. கிராம்பு வைத்த பெட்டியை வேறு நாளில் வெறும் பெட்டியாக உபயோகிக்கக்கூடாது. வாசனை அட்டையில் தங்கியிருக்கும். பத்து நாட்களுக்குப் பின், கிராம்பை வைக்கும் வேலையை ஒரு மாணவனிடம் விட்டு, பெட்டியின் எண்ணை ஒரு சீட்டில் எழுதி மடித்து மேஜைமேல் வைக்கச் செய்து, அவனை வெளியே அனுப்பிவிட வேண்டும். நாயை நடத்தும் ஆசிரியர், நாய் உட்கார்ந்த பின்னரே சீட்டைப் பிரிக்கவேண்டும்.