குதிரான் சுரங்கமும் நம் கண்களும்

விடுமுறையில் ஊருக்கு வரும் நம் குடும்பங்கள் பல, கோயம்புத்தூரில் இறங்கி, கார் எடுத்துக்கொண்டு வாளையாறு, பாலக்காடு வழியாகத் திருச்சூர், குருவாயூர் என்று போகிறார்கள். வேறு சிலர் மதுரை, தேனி வழியாகப் போடிமெட்டு ஏறி மூணாறுக்குச் செல்கிறார்கள். இடுக்கி மாவட்டத்தில் இன்று ரயில் கிடையாது. மூணாறுப் பக்கம் ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலும் 1924 வெள்ளத்தோடு போயிற்று. ஆகவே அங்கே சாலைதான் கதி. இவ்விரு வழிகளிலும் கார் ஓட்டுகிறவரின் கண்களுக்கு வரும் சோதனைகளைப் பற்றிச் சொல்லவே இக்கட்டுரை.

ரயில்வேயில் என்ஜின் ஓட்டுநரின் கண்ணுக்குத் தரும் மரியாதையைப் பணிக்காலம் முழுவதும் பார்த்தவன் நான். தூரப் பார்வை, நிறப் பார்வை இரண்டையும் குறித்த காலத்தில் சோதிப்பார்கள். தேறாதவரை வண்டியில் ஏற்ற மாட்டார்கள். சொந்தக் காரை ஓட்டுகிறவரை அப்படித் தேடி வந்து சோதிப்பவர் யாரும் இல்லை.

வெயிலும் இருட்டும்

பாலக்காட்டிலிருந்து திருச்சூர் செல்லும் நெடுஞ்சாலையில் வடக்கஞ்சேரியைத் தாண்டியதும் வருவது குதிரான் மலை. அதைக் குடைந்து அமைத்த இரட்டைச் சுரங்கத்தில் முதலாவது 2021 ஜூலை 31 அன்று திறக்கப்பட்டது. நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 45 வினாடியில் கடந்துவிடலாம். அந்த 45 வினாடிக்குள் கண் என்ன செய்கிறது?

வெளிச்சம் குறைந்ததும் கண்பாவை விரிகிறது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆனால் அதனால் கிடைக்கும் லாபம் சொற்பம். பாவையின் விட்டம் 2 மில்லிமீட்டரிலிருந்து அதிகபட்சம் 8 மில்லிமீட்டர் ஆகலாம். அதாவது பரப்பு 16 மடங்கு. உச்சி வெயிலின் ஒளி ஏறத்தாழ 1 லட்சம் லக்ஸ். பௌர்ணமி நிலவின் ஒளியோ அரை லக்ஸுக்கும் குறைவு. இரண்டிலும் நம்மால் பார்க்க முடிகிறதென்றால் மீதி வேலையைச் செய்வது விழித்திரை.

விழித்திரையில் கூம்புச் செல்கள் ஏறத்தாழ 60 லட்சம். இவை பகலுக்கும் நிறத்துக்கும் உரியவை. கோல் செல்கள் ஏறத்தாழ 12 கோடி. இவை இருட்டுக்கு உரியவை. கோல் செல்லில் உள்ள ரோடாப்சின் என்ற பொருள் வெயிலில் சிதைந்துவிடும். இருட்டில்தான் மெல்ல மெல்ல மறுபடி சேரும். அது உருவாக வைட்டமின் ஏ தேவை. கூம்புச் செல்கள் இருட்டுக்குப் பழகச் சுமார் 10 நிமிடம், கோல் செல்கள் முழுமையாகப் பழக 30 நிமிடம் ஆகும்.

45 வினாடி எங்கே, 30 நிமிடம் எங்கே! அதனால்தான் வெயிலிலிருந்து வருகிறவருக்குச் சுரங்கவாய் கருங்குழி போலத் தெரிகிறது. உள்ளே நிற்கும் லாரி கண்ணுக்குப் படாது. சுரங்கம் கட்டும் பொறியாளர்கள் இதற்குக் கண்ட வழி, பகலில் நுழைவாயிலில் பலமான விளக்குகளை எரியவிட்டு, உள்ளே போகப் போகப் படிப்படியாகக் குறைப்பது. இரவில் நிலைமை தலைகீழ்: உள்ளே வெளிச்சம், வெளியே இருட்டு. அப்போது கவனம் வேண்டியது வெளியேறும் இடத்தில்.

ஓயாத கண்

இனி, கண் எங்கே பார்க்கிறது என்பதைப் பார்ப்போம். நம் கண் கேமராவைப் போல எல்லாவற்றையும் ஒரே கூர்மையில் பார்ப்பதில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவுக்குத்தான் கூர்மையான பார்வை. அந்தச் சிறு வட்டத்தை வினாடிக்கு மூன்று நான்கு முறை இங்குமங்கும் தாவவிட்டே உலகைப் பார்க்கிறோம். 80 கிலோமீட்டர் வேகத்தில், கண் ஓரிடத்தில் கால் வினாடி நின்றால் வண்டி ஐந்தரை மீட்டர் போய்விடும்.

ரயிலில் ஜன்னலோரம் அமர்ந்த குழந்தையின் கண்களைக் கவனியுங்கள். ஒரு கம்பத்தைத் தொடரும். சட்டென்று திரும்பி வந்து அடுத்ததைப் பிடிக்கும். மருத்துவ நூல்களில் இதற்கு ரயில்வே பெயரே உண்டு!

இந்தத் தாவல்களை, படிப்பவர்களின் கண்களில் பாரிஸ் நகர மருத்துவர் ழாவல் 1879-ல் விவரித்தார். பிறகு அமெரிக்கரான ஹ்யூயி, துளையிட்ட சிறு கிண்ணத்தைக் கண்ணிலேயே பொருத்தி, அதில் அலுமினிய முள்ளை இணைத்து அசைவைப் பதிவு செய்தார். இன்று அந்த வேதனை இல்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைக் கண்மேல் பாய்ச்சுகிறார்கள். முன்புறமுள்ள கார்னியாவில் அது ஒரு புள்ளியாக மின்னும். அந்தப் புள்ளிக்கும் பாவையின் நடுவுக்கும் உள்ள இடைவெளியைக் கேமரா அளந்து, பார்வை எங்கே போகிறது என்று கணினி கணக்கிட்டுவிடும்.

1972-ல் அமெரிக்காவில் மோரன்ட், ராக்வெல் இருவரும் இவ்வகை ஆய்வில் கண்டது: புதிய ஓட்டுநர் வண்டிக்கு அருகிலேயே பார்க்கிறார், அனுபவசாலி தூரத்தைப் பார்க்கிறார். நம் நாட்டிலும் கண் சிமிட்டலைக் கவனித்து, என்ஜின் ஓட்டுநரின் தூக்கக் கலக்கத்தை அறியும் கருவியை உருவாக்க வடகிழக்கு எல்லை ரயில்வே 2023-ல் முனைந்தது.

வயதானவர்களுக்கு

அறுபது வயதுக்காரரின் விழித்திரைக்கு, இருபது வயதுக்காரருக்குக் கிடைக்கும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. பாவை சுருங்குகிறது, லென்ஸ் மஞ்சளாகிறது. எதிர் வண்டியின் விளக்கு கண்ணைக் கூசினால் மீளவும் நேரம் ஆகிறது. என் வயதும் அதுவே. ஆகவே இரவில் மலைப்பாதையில் நான் வண்டி ஓட்டுவதில்லை. ஊரில் உங்கள் அப்பாவோ மாமாவோ, "நானே வந்து அழைத்துப் போகிறேன்" என்று இரவில் விமான நிலையத்துக்குக் கிளம்பினால், அன்போடு தடுத்துவிடுங்கள்.

மனத்தில் கொள்ள வேண்டியவை:

1. சுரங்கத்துக்கு முன்பே கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முகப்பு விளக்கைப் போட்டு, வேகத்தைக் குறையுங்கள்.

2. போடிமெட்டு, மூணாறு மூடுபனியில் உயர்விளக்கு வேண்டாம். பனித்துளிகள் அந்த ஒளியை உங்கள் கண்ணுக்கே திருப்பி அனுப்பும்.

3. எதிர் விளக்கை உற்றுப் பார்க்காமல் சாலையின் இடது ஓரத்தைப் பாருங்கள்.

4. நாற்பதைத் தாண்டியவர்கள் கண்ணை முறையாகச் சோதித்துக்கொள்ளுங்கள். 1976-ல் டாக்டர் வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, பாலக்காட்டுக்கு அருகே கோயம்புத்தூரிலும், இடுக்கிக்கு அருகே தேனியிலும் இருக்கிறது. பெற்றோரைப் பார்க்க வரும்போது ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் எதற்கு?