வாகோலியின் நீலக் கனிஜம்

புனே நகரிலிருந்து அகமதுநகர் செல்லும் பெருவழியில், வடகிழக்குத் திசையில் சிறிது தூரம் சென்றால் வாகோலி என்னும் ஊர் வரும். சாலைக்கு ஜல்லியும் வீட்டுக்குக் கல்லும் வேண்டி அவ்வூரைச் சுற்றிலும் தோண்டப்பட்ட குவாரிகளில், வெடி வைத்துப் பிளந்த கரும்பாறையின் உள்ளே, வெண்மையும் இளஞ்சிவப்பும் கலந்த ஸ்படிகப் படுக்கையின் மீது, சங்குபுஷ்பத்தின் நீலத்தைத் தாங்கிய சிறு சிறு உருண்டைகள் அமர்ந்திருக்கக் கண்டார்கள். கல்லுடைக்கும் தொழிலன்றி வேறு கீர்த்தி ஏதும் இல்லாதிருந்த அவ்வூரின் பெயர், இன்று கனிஜங்களைச் சேகரிப்போர் எந்தத் தேசத்தில் இருந்தாலும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறதென்றால், அதற்குக் காரணம் அந்த நீல உருண்டைகளே ஆகும். காவன்சைட் என்று விஞ்ஞானிகள் அழைக்கும் அந்தப் பொருள், கால்சியமும் வனேடியமும் சிலிக்கனும் பிராணவாயுவும் நீரோடு கூடி உண்டானது. பூமியில் மிகச் சில இடங்களிலேயே இது தென்பட்டிருக்கிறது. அவற்றுள்ளும் அளவாலும் அழகாலும் வாகோலிக்கு நிகராகச் சொல்லத்தக்க இடம் வேறொன்றில்லை.

ஒரு பொருள் அபூர்வமாக இருப்பதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அதனை ஆக்கும் மூலப்பொருளே உலகத்தில் அருகியிருப்பது ஒன்று. மூலப்பொருள் எங்கும் பரவிக் கிடந்தும், அது அந்த உருவத்தை அடைவதற்குரிய சந்தர்ப்பங்கள் ஒருசேர வாய்ப்பது அரிதாயிருப்பது மற்றொன்று. தங்கம் முதல் வகையைச் சேர்ந்தது. காவன்சைட்டோ இரண்டாம் வகையைச் சேர்ந்தது. ஏனெனில் வனேடியம் என்னும் உலோகம், பூமியின் மேலோட்டில் செம்பைக் காட்டிலும் மிகுதியாகவே இருக்கிறது. ஆயினும் செம்பைப் போல் ஓரிடத்தில் திரண்டு தாதுவாக நில்லாமல், ஆயிரம் பாறைகளில் அணு அணுவாகக் கரந்து உறைவது அதன் இயல்பு. அவ்வாறு மறைந்திருப்பதனால்தான், அதனைக் கண்டறிந்த வரலாறும் நேரான வரலாறாக அமையவில்லை.

மெக்ஸிகோ நகரத்துச் சுரங்கக் கல்விச்சாலையில் ஆசிரியராயிருந்த ஆந்த்ரே மனுவேல் தெல் ரியோ என்பவர், 1801ஆம் ஆண்டில், ஸிமாபான் என்னும் இடத்திலிருந்து கிடைத்த பழுப்பு நிற ஈயத் தாதுவைச் சோதித்தபோது, அதில் ஒரு புதிய மூலகம் இருப்பதை உணர்ந்தார். அதன் உப்புக்கள் சூடேறியவுடன் சிவந்ததைக் கண்டு, சிவப்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லால் அதற்குப் பெயரும் இட்டார். ஆனால் அந்தத் தாதுவின் மாதிரியைப் பாரிஸில் பரிசோதித்த கோலே தெகோதீல் என்ற ரசாயன சாஸ்திரி, அது முன்பே அறியப்பட்ட குரோமியந்தான் என்று 1805இல் முடிவு கூறிவிட்டார். தெல் ரியோவும் அந்தத் தீர்ப்புக்குத் தலைவணங்கித் தம் உரிமையை விட்டுக்கொடுத்தார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1830இல், ஸ்வீடன் தேசத்து நில்ஸ் ஸெஃப்ஸ்ட்ரோம் இரும்பை ஆராயும்போது அதே மூலகத்தை மீண்டும் கண்டு, அந்நாட்டார் பழங்காலத்தில் வழிபட்ட அழகின் தேவதையாகிய வனதீஸின் பெயரால் வனேடியம் என்று அழைத்தார். மறு ஆண்டிலேயே, ஜெர்மானிய ரசாயன மேதையாகிய வோலர், தெல் ரியோ கண்டதும் ஸெஃப்ஸ்ட்ரோம் கண்டதும் ஒன்றே என்று நிரூபித்தார். தூய உலோகமாக அதனைப் பிரித்தெடுக்க, இங்கிலாந்தின் ஹென்றி ராஸ்கோ 1867இல் வழி காணும் வரையில் உலகம் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று எஃகுக்கு உறுதியூட்டவும், கந்தகத் திராவகம் செய்யும் ஆலைகளில் ரசாயன வினையை விரைவாக்கவும் அவ்வுலோகம் பெரிதும் பயன்பட்டு வருகிறது.

தேவதையின் பெயரை அதற்குச் சூட்டியது அதன் உப்புக்கள் காட்டும் வர்ண ஜாலத்தைக் கண்டுதான். வனேடியத்தின் அணு எத்தனை எலெக்ட்ரான்களை இழந்து நிற்கிறது என்பதைப் பொறுத்து அதன் நிறம் மாறும். இரண்டை இழந்தால் ஊதா, மூன்றை இழந்தால் பச்சை, நான்கை இழந்தால் நீலம், ஐந்தையும் இழந்தால் மஞ்சள் என்று, ஒரே உலோகத்தின் கரைசல் ஒரே குடுவையில் நான்கு கோலம் கொள்வதைக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் மாணவர்கள் இன்றும் பார்த்து மகிழ்கிறார்கள். காவன்சைட்டில் உள்ளது நான்கை இழந்து நிற்கும் வனேடியம். அதில் எஞ்சியிருக்கும் ஒற்றை எலெக்ட்ரான் தன்மீது படும் வெண்ணொளியிலிருந்து சிவப்பை ஒட்டிய கதிர்களைக் கவர்ந்துகொள்வதால், மிகுந்து வரும் நீலமே நம் கண்ணை எட்டுகிறது. ஆகவே இந்தக் கனிஜத்தின் நீலம், பிற கற்கள் சிலவற்றிற் போல் மாசாகப் புகுந்த அந்நியப் பொருள் ஒன்றின் உபயமன்று. அதன் அமைப்பிலேயே பிறந்த சுயவர்ணம். ஸ்படிகத்தை ஒரு திசையிலிருந்து நோக்கினால் ஆழ்ந்த நீலமாகவும், வேறொரு திசையிலிருந்து முனைவாக்கிய ஒளியில் நோக்கினால் நிறமே இல்லாததுபோலவும் தோன்றும் விசித்திர குணமும் இதற்கு உண்டு.

இக்கனிஜம் முதன்முதல் கண்டெடுக்கப்பட்டது இந்தியாவில் அன்று. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், ஒவைஹீ அணைக்கு அருகிலும் கோபிள் என்னும் ஊரை அடுத்தும், 1960களில், எரிமலைப் பாறைகளின் பொந்துகளில் நீல நிறச் சிறு ஸ்படிகங்கள் அகப்பட்டன. லாயிட் ஸ்டேபிள்ஸ், ஹோவர்ட் இவான்ஸ், ஜேம்ஸ் லிண்ட்ஸே ஆகிய மூவரும் அவற்றை ஆராய்ந்து, புதிய கனிஜங்கள் என்று 1973இல் உலகுக்கு அறிவித்தார்கள். கனிஜங்கள் என்று பன்மையில் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆரிகனில் கிடைத்தவை, ஒரே ரசாயனச் சேர்க்கையை உடைய இருவேறு பொருள்களாக இருந்தன. ஒன்றுக்குக் காவன்சைட் என்றும், மற்றொன்றுக்குப் பெண்டகனைட் என்றும் அவர்கள் பெயரிட்டார்கள்.

இரண்டிலும் சிலிக்கனும் பிராணவாயுவும் நான்முகிகளாகக் கூடித் தகடு தகடாகப் பரந்திருக்கின்றன. அந்தத் தகடுகளை வனேடியமும் கால்சியமும் இடையிடையே நின்று பிணைக்கின்றன. நடுவே அமைந்த வெற்றிடங்களில் நீர் மூலக்கூறுகள் தங்கியிருக்கின்றன. நான்முகிகள் நான்கும் எட்டுமாக வளையமிட்டால் காவன்சைட். ஆறாறாக வளையமிட்டால் பெண்டகனைட். இந்தச் சிறு வேற்றுமையினின்றும் விளைவது பெரியதோர் அதிசயம். ஐந்து மூலைகளை உடைய ஒழுங்கு எந்த எளிய ஸ்படிகத்துக்கும் உள்ளமைப்பில் அமைய இயலாது என்பது ஸ்படிக சாஸ்திரத்தின் பால பாடம். ஆனால் பெண்டகனைட்டில் ஐந்து ஸ்படிகங்கள் ஒன்றோடொன்று இரட்டைப் பிறவியாக ஒட்டி வளர்வதால், குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஐந்து முனை நட்சத்திரம் ஒன்று காட்சி தருகிறது. விதி மீறப்படவில்லை, விதிக்கு உட்பட்ட ஐந்து உறுப்புக்கள் கூடி, விதியைக் கடந்ததுபோன்ற வடிவத்தை உண்டாக்கிவிடுகின்றன.

காவன்சைட்டின் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு நீர். ஒன்பதில் ஒரு பங்கு வனேடியம். சூடேற்றினால் அந்த நீரைப் படிப்படியாக இழக்கும். அதன் கடினம் மோஸ் அளவையில் 3க்கும் 4க்கும் இடைப்பட்டது. பேனாக்கத்தி கொண்டு கீறிவிடலாம். அடர்த்தி சுமார் 2.3; அதாவது சாதாரணக் குவார்ட்ஸைக் காட்டிலும் இலேசானது. ஊசிபோன்ற நுண்ணிய ஸ்படிகங்கள் ஒரு மையத்திலிருந்து எல்லாத் திக்குகளிலும் விரிந்து உருண்டையாகத் திரள்வதே அதன் வழக்கமான தோற்றம். நொறுங்கும் தன்மையும் மென்மையும் உடையதாகையால், பட்டை தீட்டி ஆபரணத்தில் பதிப்பதற்கு ஏற்றதன்று. உலோகத்துக்காக உருக்குவதற்கோ, கிடைக்கும் அளவு போதாது. உலகியல் பயன் ஒன்றும் இல்லாத இந்தப் பொருளின் மதிப்பெல்லாம், அதன் அழகிலும் அது சொல்லும் பூமியின் சரித்திரத்திலும் அடங்கியிருக்கிறது.

அந்தச் சரித்திரத்தை அறியத் தக்காணப் பீடபூமியின் பிறப்பை நினைவுகூர வேண்டும். ஏறத்தாழ 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், பூமியின் பிளவுகளிலிருந்து பொங்கி வழிந்த எரிகுழம்பு, ஒன்றன்மேல் ஒன்றாகப் பரவி இறுகி, இன்றும் சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டரை மூடிக்கொண்டிருக்கிறது. குழம்பினுள் அகப்பட்ட வாயுக் குமிழிகள் பாறையில் பொந்துகளை விட்டுச் சென்றன. பின்னர் வெந்நீர் ஊறிப் பாய்ந்த காலத்தில், பாறையிலிருந்து கரைத்துவந்த பொருள்களை அப்பொந்துகளின் சுவர்களில் ஸ்படிகமாகப் படிய வைத்தது. ஸ்டில்பைட், ஹியுலாண்டைட் முதலிய ஸியோலைட் வகைகளும், அபோபிலைட்டும், கால்சைட்டும் இவ்வாறு பிறந்தவையே. போர்காட் மலைச்சரிவில் ரயில் பாதை அமைக்கும் பொருட்டு, 1863க்கு முந்திய ஆண்டுகளில் பாறைகளை வெட்டியபோது வெளிப்பட்ட ஸ்படிகங்கள், அந்நாளிலேயே கடல் கடந்து ஐரோப்பிய அருங்காட்சியகங்களை அலங்கரித்தன.

அத்தகைய பொந்துகள் தக்காணத்தில் எண்ணிறந்தவை. ஆயினும் காவன்சைட் வாகோலியைப் போன்ற மிகச் சில இடங்களில் மாத்திரமே தோன்றியது ஏன்? கரும்பாறையில் இயல்பாகக் கலந்துள்ள வனேடியம், அதன் காந்த இரும்புத் தாதுவிலும் பிற கனிஜங்களிலும் சிறைப்பட்டிருப்பது. அது விடுபட வேண்டுமானால் வெந்நீர் பாறையை நன்கு சிதைத்திருக்க வேண்டும். விடுபட்ட வனேடியம் நான்கு எலெக்ட்ரான்களை இழக்கும் அளவுக்குப் பிராணவாயு கிட்ட வேண்டும். ஐந்தையும் இழக்கும் அளவுக்கு அது மிகுந்துவிடவும் கூடாது. மிகுந்தால், ஈயத்தோடும் யுரேனியத்தோடும் சேரும் சிவப்பு, மஞ்சள் நிறக் கனிஜங்களின் வழியிலே அது சென்றுவிடும். அவ்வேளையில் நீரில் கால்சியமும் சிலிக்காவும் போதிய அளவில் கரைந்திருக்க வேண்டும். உஷ்ணம் மிதமாயிருக்க வேண்டும். வளர்வதற்கு வெற்றிடமும் வேண்டும். வாகோலியில், உடைந்து சிதைந்து நீரால் உருமாறிய பாறைப் பகுதிகளில் இவையனைத்தும் ஒருங்கே கைகூடின. அங்கே நீல உருண்டைகள் பெரும்பாலும் ஸ்டில்பைட், ஹியுலாண்டைட் ஸ்படிகங்களின் மேல் அமர்ந்திருப்பதைக் கொண்டு, ஸியோலைட்டுகள் படிந்த பின்னரே இவை உண்டாயின என்றும் அறிகிறோம்.

1980களின் இறுதியிலிருந்து வாகோலியின் காவன்சைட் பெருமளவில் உலகச் சந்தைக்குச் சென்றது. ஆரிகனில் கடுகளவாகக் கிடைத்த பொருள், இங்கே கண்ணைக் கவரும் கொத்துக்களாகக் கிடைத்ததைக் கண்டு சேகரிப்பாளர்கள் வியந்தார்கள். விலை ஏறியபோது வஞ்சனையும் உடன் வந்தது. உதிர்ந்துபோன நீல உருண்டையைப் பசையிட்டு வேறொரு ஸ்டில்பைட் துண்டின்மீது ஒட்டி விற்பவர்களும் தோன்றினார்கள். அவ்வாறு ஒட்டிய துண்டு அழகாயிருக்கலாம். ஆனால் எது முன்னே பிறந்தது, எது பின்னே பிறந்தது என்று பாறை எழுதிவைத்த சாட்சியம் அதில் அழிந்துவிடுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக நம் சிந்தனைக்கு உரியது ஒன்று உண்டு. புனே நகரம் விரிந்து விரிந்து வாகோலியைத் தன்னுள் அடக்கிக்கொண்டது. குவாரி என்பது கல் தீரும்வரை வெட்டுவது. கல் தீர்ந்தபின் மூடுவது. அதில் எது அரைபட்டு ஜல்லியாகிறது, எது எடுத்துக் காக்கப்படுகிறது என்பது, பெரும்பாலும் ஒரு தொழிலாளியின் கூரிய கண்ணையும் ஒரு வியாபாரியின் கணக்கையும் பொறுத்ததாக இருக்கிறது. நாசிக்குக்கு அருகே சின்னாரில் உள்ள கர்கோட்டி அருங்காட்சியகம் தக்காணத்தின் ஸியோலைட் செல்வத்தைத் திரட்டி நம் நாட்டாருக்கே காட்டிவருவது போற்றத்தக்கது. ஆயினும் ஒரு காட்சிச்சாலை போதாது. நிலவியல் கற்பிக்கும் ஒவ்வொரு கல்லூரியும், அரசாங்க அருங்காட்சியகம் ஒவ்வொன்றும், பாறையோடு ஒட்டிய நிலையில், எந்தக் குவாரியில் எந்த ஆழத்தில் கிடைத்தது என்ற குறிப்போடு கூடிய காவன்சைட் துண்டு ஒன்றையாவது பெற்று வைக்க வேண்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மண்ணில் ஒருசேரக் கூடிய அந்தச் சந்தர்ப்பங்கள் மீண்டும் நம் வேண்டுகோளுக்கு இணங்கிக் கூடப்போவதில்லை. அவை விட்டுச்சென்றதைப் பாதுகாத்து, முறையாக ஆராய்ந்து, நம் மாணவர்களின் கண்முன் வைப்பது, இந்நாட்டின் கல்வி ஸ்தாபனங்கள் தாமதமின்றி மேற்கொள்ள வேண்டிய கடமையாகும்.