ஆஸ்திரேலியாவின் செம்மண் சாலை

ஒரு தேசத்தின் தலைநகரைக் கண்டவுடன் அத்தேசத்தையே கண்டுவிட்டதாக எண்ணுவது பிரயாணிகளிடம் சாதாரணமாகக் காணப்படும் பிழை. ஆஸ்திரேலியாவைப் பொறுத்தவரை இது பெரும் பிழையாகும். அத்தேசத்து ஜனங்களில் மிகப் பெரும்பாலோர் கடலோரத்துப் பட்டணங்கள் சிலவற்றில் நெருங்கி வாழ்கிறார்கள். உள்ளே விரிந்து கிடக்கும் செம்மண் பிரதேசத்தை அவர்கள் ‘அவுட்பேக்’ என்று அழைக்கிறார்கள். அத்தேசத்தின் கீர்த்தியும் அபகீர்த்தியும் அந்தப் பிரதேசத்துச் சிற்றூர்களிலேதான் உருவாயின என்பது நமது அபிப்பிராயம். பொது விஷயங்களில் ஈடுபட்டுள்ள நேயர்கள் அவ்வழியே நம்முடன் சற்று வர வேண்டுகிறோம்.

வீட்டு வண்டி

மழையற்ற குளிர் மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் இச்சாலைகளில் புறப்படுகிறார்கள். மோட்டாருக்குப் பின்னால் சக்கரம் பூட்டிய சிறு வீடு ஒன்றைக் கட்டி இழுத்துச் செல்வது அவர்கள் வழக்கம். இதற்குக் காரவான் என்று பெயர். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அதற்குள் அடங்கும். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர்களே இவர்களில் அதிகமாதலால், ‘நரைத்த நாடோடிகள்’ என்று வேடிக்கையாகச் சொல்லுவதுண்டு.

பிரயாணம் இனிதாயினும் ஜாக்கிரதை வேண்டும். ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையே நூறு மைல் வெறும் வெளியாக இருக்கக்கூடும். அந்தி வேளையில் கங்காருக்கள் சாலையில் பாயும். ஐம்பது மீட்டருக்கும் மேல் நீளமுள்ள தொடர் லாரிகள் எதிரே வரும்போது ஒதுங்கி வழி விடுவதே விவேகம். வறட்சியாலும் ஜனக்குறைவாலும் மெலிந்துபோன பல சிற்றூர்களில், இந்த நாடோடிகள் ரொட்டிக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் செலவிடும் பணம் கடைகளின் கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது.

ஒரு மரத்தின் சரித்திரம்

குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் பார்கால்டின் என்றொரு சிற்றூர் இருக்கிறது. ரயில் நிலையத்தின் எதிரே நின்ற யூகலிப்டஸ் ஜாதி மரம் ஒன்றால் அதற்குப் புகழ் உண்டாயிற்று. 1891-ம் வருஷத்தில், ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தில் சேராதவர்களை இஷ்டம்போல் வேலைக்கு வைத்துக்கொள்ளும் உரிமை தங்களுக்கு வேண்டும் என்றார்கள் பண்ணை முதலாளிகள். சங்கத்தைக் கைவிடோம் என்றார்கள் தொழிலாளர்கள். சர்க்கார் யாருடைய பக்கம் நின்றது என்று நமது நேயர்களுக்குச் சொல்ல வேண்டுவதில்லை. துருப்புகள் வந்தன, தலைவர்கள் கைதானார்கள். பதின்மூவருக்குச் சதிக் குற்றத்தின் பேரில் மூன்று வருஷக் கடுங்காவல் விதிக்கப்பட்டது. அவர்களை ஸெயிண்ட் ஹெலினா என்னும் தீவுச் சிறைக்கு அனுப்பினார்கள்.

வேலைநிறுத்தம் தோற்றது, ஆயினும் அதன் பயன் அழியவில்லை. சட்டசபைக்குள் புகாமல் நியாயம் கிடைக்காது என்பதைத் தொழிலாளர் உணர்ந்தனர். தொழிற்கட்சியின் அறிக்கை 1892-ல் அம்மரத்தடியிலேயே வாசிக்கப்பட்டது என்பர். 1899-ல் குவீன்ஸ்லாந்தில் உலகத்தின் முதல் தொழிற்கட்சி மந்திரிசபை ஏற்பட்டது. அது நிலைத்தது ஒரு வாரமே. 2006-ல் யாரோ அம்மரத்தின் வேரில் விஷத்தை ஊற்றிக் கொன்றுவிட்டார்கள். பட்ட அடிமரத்தை அங்கேயே பாதுகாத்து, 2009-ல் அதன்மேல் ஞாபகச் சின்னம் ஒன்று எழுப்பியிருக்கிறார்கள். ஒரு மரத்தினிடம் பகை பாராட்டுவோரும் உண்டென்றால், அம்மரத்தடியில் பேசப்பட்ட விஷயம் அற்பமானதன்று.

அரையளவான நீதி

இத்துடன் நிறுத்தினால் நாம் உண்மைக்கு மாறு செய்தவராவோம். முதலாளியை எதிர்த்துப் போராடிய அதே சங்கங்கள், சீனரையும் பசிபிக் தீவினரையும் ஆசியாக்காரரையும் தேசத்தினுள் விடக்கூடாதென்று வாதாடின. 1901-ம் வருஷத்துக் குடியேற்றத் தடைச் சட்டத்தைத் தொழிற்கட்சி முழு மனத்துடன் ஆதரித்தது. அதன்படி, அதிகாரி விரும்பும் ஐரோப்பிய பாஷை ஒன்றில் சொல்வதை எழுதிக் காட்டாதவன் உள்ளே வர முடியாது. வேண்டாதவனுக்கு அவன் அறியாத பாஷையில் பரீட்சை வைத்தால் முடிந்தது. இந்தக் கபடப் பரீட்சை 1958 வரையில் நீடித்தது.

இது இந்தியர்களையும் தொட்ட விஷயம். மேற்கே லாங்ரீச், விண்டன் ஆகிய ஊர்களைத் தாண்டினால் குளோன்கரி வருகிறது. விண்டனில் 1920-ல் பதிவான குவாண்டாஸ் விமானக் கம்பெனி இன்று உலகமெங்கும் பறக்கிறது. குளோன்கரியிலிருந்து 1928 மே 17-ந் தேதி பறக்கும் வைத்தியரின் முதல் விமானம் கிளம்பியது. ஜான் பிளின் என்ற பாதிரியாரின் விடாமுயற்சியால் பிறந்த இந்த ஏற்பாடு, வைத்தியரே எட்டாத பண்ணைகளுக்கு உயிர்ப்பிச்சை அளித்தது. இவற்றை ஊரார் பெருமையுடன் காட்டுகிறார்கள், காட்ட வேண்டியதுதான். ஆனால் அவ்வூர்க் கல்லறையில் ஒட்டகக்காரர்களும் உறங்குகிறார்கள்.

1860-ல் கராச்சியிலிருந்து ஒட்டகங்களுடன் சென்ற முதல் கூட்டத்துக்குப் பின், ஆயிரக்கணக்கானோர் அங்கே போனார்கள். பலூச்சிஸ்தானம், பஞ்சாப், எல்லைப்புறம் எங்கிருந்து வந்தாலும் அவர்களுக்கு ‘ஆப்கானியர்’ என்ற ஒரே பெயர்தான். ரயிலும் மோட்டாரும் எட்டாத இடங்களுக்கு மாவும் தேயிலையும் தந்திக் கம்பியும் சுமந்து சென்றவை அவர்களுடைய ஒட்டகங்களே. ஊருக்குப் புறத்தே தனிச்சேரியில் குடியிருந்த அவர்களுக்கு, 1903-ம் வருஷத்துச் சட்டம் பிரஜா உரிமையையும் மறுத்தது. வழி திறந்தவனுக்கு வாசல் அடைக்கப்பட்டது.

மண்ணுக்கு உரியவர்கள்

அவர்களுக்கும் முன்பே, பல்லாயிரம் வருஷங்களாக அந்நிலத்தில் வாழ்ந்தவர்கள் ஆதிகுடிகள். மேற்கே வட பிரதேசத்தினுள் புகுந்து, காதரின் நகரைக் கடந்து தென்மேற்கே சென்றால் கல்காரிஞ்சி என்ற சிற்றூரை அடையலாம். அருகிலிருந்த வேவ் ஹில் மாட்டுப் பண்ணையை ஆண்டது வெஸ்டி என்ற ஆங்கிலேயப் பிரபுவின் கம்பெனி. அங்கே உழைத்த குரிந்திஜி ஜாதியார் பெற்றது பெரும்பாலும் மாவு, தேயிலை, சர்க்கரை ஆகிய படியே. 1966 ஆகஸ்டில், வின்ஸெண்ட் லிங்கியாரி என்பவர் தலைமையில் சுமார் இருநூறு பேர் குடும்பத்துடன் பண்ணையை விட்டு வெளியேறினார்கள். கூலிச் சண்டை என்று வெளியார் நினைத்தார்கள். அவர்கள் கேட்டதோ தங்கள் நிலத்தை. கூலியை உயர்த்துவதாகச் சொன்னபோதும் அவர்கள் திரும்பவில்லை.

ஒன்பது வருஷம் கழிந்தது. 1975 ஆகஸ்டு 16-ந் தேதி, பிரதம மந்திரி கஃப் விட்லம் அங்கே வந்து, ஒரு பிடி மண்ணை எடுத்து லிங்கியாரியின் கையில் இட்டார். அடுத்த வருஷம் வட பிரதேசத்துக்கான நிலவுரிமைச் சட்டம் நிறைவேறியது. ஆயுதமின்றி, பொறுமையொன்றையே துணையாகக் கொண்டு நடந்த இப்போராட்டம் நம் நாட்டாருக்கு அந்நியமானதாகத் தோன்றாது.

நாம் அறிய வேண்டியது

ஒரே சாலையில் மூன்று நியாயங்கள் கிடக்கின்றன. ரோமம் கத்தரித்தவனின் நியாயத்துக்குச் சின்னம் எழுப்பினார்கள். ஆதிகுடியின் நியாயம் காலங்கடந்து ஒரு பகுதி கிடைத்தது. ஒட்டகக்காரன் தன் நியாயத்தைக் காணாமலே மாண்டான். முதலாவது வகையார் மற்ற இருவரையும் அன்றே தங்களுடன் சேர்த்துக்கொண்டிருந்தால் அத்தேசத்தின் சரித்திரம் வேறாக இருந்திருக்கும். தன் வர்க்கத்துக்கு மட்டும் விடுதலை தேடும் இயக்கம், வெற்றி பெற்ற மறுதினமே மற்றொருவனுக்கு எஜமானாகிவிடுகிறது. சங்கம் அமைப்போரும் கட்சி நடத்துவோரும், தங்கள் கூட்டத்துக்கு வெளியே நிற்பவன் யார் என்று முதலில் விசாரிப்பார்களாக. இந்த எச்சரிக்கை ஆஸ்திரேலியாவுக்கு மட்டும் உரியதன்று.