அக்கரையிலிருந்து ஒரு மலைக்கோட்டை

எங்கள் வீடு திருச்சி உறையூரில் இருக்கிறது. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து 32 வருஷம் ஆகிறது. வந்த புதிதில், மொட்டை மாடியில் வடகம் காயப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் கிழக்கே மலைக்கோட்டை தெரியும். என் மகள் சின்ன வயதில் பல் துலக்க மாடிக்குப் போனால், பிரஷ்ஷை வாயில் வைத்தபடி அந்த மலையையே பார்த்துக் கொண்டு நிற்பாள். "சூரியன் பிள்ளையார் முதுகுக்குப் பின்னாலேர்ந்து வருதும்மா" என்பாள். சில வருஷங்களுக்கு முன் எங்களுக்கும் மலைக்கும் நடுவே மூன்று மாடிக் கட்டிடம் ஒன்று எழும்பிவிட்டது. இப்போது அந்த இடத்தில் தெரிவது இரண்டு கறுப்புத் தண்ணீர்த் தொட்டிகள்தான்.

நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. திருச்சியில் இருப்பவளுக்கு மலைக்கோட்டை என்ன அதிசயமா? புடவை எடுக்கப் போனாலும் மலை, பாத்திரம் வாங்கப் போனாலும் மலை. தினம் கண்ணில் படுவதை நாம் எங்கே பார்க்கிறோம்? போன ஆடி மாதம்தான் அதை நின்று பார்க்கும்படி ஆயிற்று. அதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

மகள் புனேயில் இருக்கிறாள். தலைப் பிரசவம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடித்து இங்கே அழைத்து வருவதாக ஏற்பாடு. ஆனால் ஐந்தாம் மாத ஸ்கேனிலேயே நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். "பெரும்பாலும் கருப்பை வளர வளர அது மேலே போய்விடும், பயப்படாதீர்கள்" என்றார் டாக்டரம்மா. இவளுக்கு மேலே போகவில்லை. எட்டாம் மாத ஸ்கேனிலும் கருப்பையின் வாயை மூடியபடியே இருந்தது. ரயிலும் கூடாது, விமானமும் கூடாது, கனம் தூக்கக் கூடாது, வலியே இல்லாமல் கொஞ்சம் உதிரம் பட்டால்கூட உடனே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். பிரசவமும் நாள் குறித்து ஆபரேஷன்தான்.

அவள் வர முடியாவிட்டால் நான் போக வேண்டியதுதானே என்பீர்கள். எனக்கும் அதே துடிப்புதான். ஆனால் சித்திரையில் என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷனாகிப் படுக்கையில் இருந்தார். வயது 86. எழுப்பி உட்கார வைப்பதிலிருந்து எல்லாம் நான்தான் செய்ய வேண்டும். என் நாத்தனாரும் ஆவணிக்கு முன்னால் வர முடியாத நிலை. உண்மையைச் சொல்கிறேன், அந்த நாட்களில் அத்தையின் மேல் எனக்கு மனத்துக்குள் கோபம்தான். வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் டம்ளரை வைக்கும் சத்தத்தில் அவருக்குத் தெரிந்திருக்கும்.

ஒரு நாள் போனில் மகள் கேட்டாள். "அம்மா, நாள் பூரா படுத்தே இருக்கேன். எதிர்ல வெறும் சுவர். நம்ம மலைக்கோட்டையை ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன். பெரிசா பிரின்ட் போட்டு மாட்டிக்கறேன்."

இது ஒரு பெரிய காரியமா! மறுநாள் பகல் பன்னிரண்டு மணிக்கு மருந்து வாங்கப் போனபோது, அப்படியே தெப்பக்குளத்தின் மேற்குக் கரையில் நின்று, செல்போனில் 'டக்'கென்று ஒன்று எடுத்து அனுப்பினேன். பதில் உடனே வந்தது. "அம்மா, இது பாத்திரக் கடை காலண்டர்ல இருக்கே!"

ரோஷம் வந்துவிட்டது. படத்தை நன்றாகப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான். எல்லோரும் நிற்கும் இடத்தில்தான் நானும் நின்றிருக்கிறேன். அந்த இடத்திலிருந்து குளம், மேலே பாறை, அதன் உச்சியில் பிள்ளையார் கோயில் எல்லாம் ஒழுங்காக விழும். அதனாலேயே காலண்டர்காரர்களும் அங்கேதான் நிற்கிறார்கள். போதாததற்கு உச்சி வெயிலில் பாறை வெளுத்து, தட்டையாக, அட்டையில் வெட்டி ஒட்டியது போல் இருந்தது.

இந்த மலையைப் படம் எடுப்பது இன்று நேற்றைய கதையில்லை. சென்னை அரசாங்கத்தின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேயர் 1858-ஆம் வருஷமே பெரிய கேமராவைக் கொண்டுவந்து திருச்சியில் படம் எடுத்திருக்கிறார். அப்போது பிலிம் ஏது? மெழுகு தடவிய காகிதத்தில்தான் நெகடிவ். ஒரு படத்துக்கு எத்தனை ஏற்பாடு! கையில் செல்போனை வைத்துக் கொண்டிருக்கும் நாம் ஒரு நிமிஷம் யோசிக்காமல் எடுத்துவிடுகிறோம்.

அதன் பிறகு, மருந்துக்கும் காய்கறிக்கும் போகும் போதெல்லாம் பத்து நிமிஷம் மலைக்கென்று ஒதுக்கினேன். தப்பாக எடுத்து எடுத்துக் கற்றுக்கொண்ட சில விஷயங்களைச் சொல்கிறேன். உங்கள் ஊர்க் கோபுரத்துக்கும், மணிக்கூண்டுக்கும், கலங்கரை விளக்குக்கும் இவை பொருந்தும்.

முதலில் லென்ஸைத் துடையுங்கள். நம் கைப்பையில் கிடக்கும் போனில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் இருக்குமா? நூல் புடவைத் தலைப்பால் ஒரு துடைப்பு துடைத்தாலே படம் பளிச்சென்று ஆகும். அடுத்து, விரலால் இழுத்து மலையைப் பெரிதாக்காதீர்கள்; படம் புள்ளி புள்ளியாக உடையும். நாமே நாலு எட்டு நடந்து பக்கத்தில் போக வேண்டியதுதான்.

வெளிச்சம்தான் பாதி வேலை. தெப்பக்குளத்தின் மேற்குக் கரையிலிருந்து பார்த்தால் காலையில் சூரியன் மலைக்குப் பின்னால் இருக்கும். அப்போது போனில் வானத்தைத் தொட்டு எடுத்தால் மலை கருநிழலாக விழும். மாலை ஐந்து மணிக்கு மேல் அதே இடத்தில் நின்றால் வெயில் பாறையின் மேல் நேராக விழுந்து, பகலில் தெரியாத மடிப்பும் வெடிப்பும் தெரியும். ஒரே இடம், ஒரே மலை, இரண்டு படம்!

பிறகு உயரம். நாம் எல்லோரும் கண் மட்டத்தில்தான் எடுக்கிறோம். குளத்தில் தண்ணீர் இருக்கும் நாளில் குனிந்து, போனைத் தண்ணீர்ப் பக்கமாகத் தாழ்த்திப் பிடித்தேன். மலை தலைகீழாக உள்ளே கிடந்தது. சின்னக் கடை வீதியில் ஒரு பூக்காரம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அவர் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து எடுத்தேன். முன்னால் கதம்பம், மேலே ஒரு துண்டு பாறை. "மலை எங்கேம்மா? பூதான் தெரியுது" என்று சிரித்தார். ஆனால் வீதியில் நடக்கும்போது மலை நமக்கு அப்படித்தானே தெரிகிறது, கடைத் தட்டிகளுக்கு நடுவில் துண்டு துண்டாக?

ஒரு வெள்ளிக்கிழமை, அத்தையைப் பார்த்துக்கொள்ளும்படி அவரிடம் சொல்லிவிட்டு மலை மேலேயே ஏறினேன். பாறை சுமார் 83 மீட்டர் உயரம், நானூறுக்கு மேல் படிகள். வயது 57, முழங்கால் சும்மா இருக்குமா? உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினேன். வழியில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகைக் கோயிலின் கங்காதரர் சிற்பத்தை, இத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் நின்று பார்த்தேன். உச்சியிலிருந்து பார்த்தால் மலை தெரியாது, ஊர்தான் தெரியும்! வடக்கே காவிரி, அதற்கப்பால் 1987-இல் கட்டி முடித்துக் கும்பாபிஷேகம் கண்ட ஸ்ரீரங்கத்தின் 13 நிலை ராஜகோபுரம், மேற்கே எங்கள் உறையூர். அந்தத் திசையை எடுத்து மகளுக்கு அனுப்பினேன். "இதுல நம்ம வீடு எதும்மா?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

படங்கள் எல்லாம் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் "இது வேண்டாம்மா", "இதுவும் இல்லேம்மா" என்று ஒவ்வொன்றையும் தள்ளிக் கொண்டே வந்தாள். என்ன வேண்டும் என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. ஒரு ராத்திரி லேசாக உதிரம் பட்டு, ஆஸ்பத்திரியில் சேர்த்து, இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். அந்த இரண்டு நாளும் நான் சமையற்கட்டில் நின்றபடியே சாப்பிட்டேன்.

அன்று அத்தைக்குத் தலை வாரிக் கொண்டிருந்தேன். என் போனைக் கேட்டு வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"எல்லாம் இக்கரையிலேயே எடுத்திருக்கியே" என்றார்.

"வேற எங்கே போய் எடுக்கறது அத்தை?"

"நான் பொறந்தது ஸ்ரீரங்கத்துல. கல்யாணம் வரைக்கும் எனக்கு மலைக்கோட்டைன்னா ஆத்துக்கு அந்தப் பக்கம் நிக்கறதுதான். அம்மா மண்டபத்துப் படியில போய் நின்னு பாரு. தாயுமானவர் கதையில அந்த அம்மா அக்கரையிலதானே நின்னா?"

சீப்பு என் கையிலேயே நின்றுவிட்டது.

உங்களில் பலருக்குத் தெரிந்த கதைதான். ரத்னாவதி என்ற பெண் இங்கே பிரசவத்துக்குக் காத்திருக்கிறாள். அவளுடைய தாய் மூட்டை முடிச்சோடு புறப்பட்டு வருகிறாள். காவிரியில் வெள்ளம்! கடக்க முடியாமல் அந்தக் கரையிலேயே நின்றுவிடுகிறாள். இங்கே வலி கண்டுவிடுகிறது. அப்போது சிவபெருமானே அந்தத் தாயின் உருவில் வந்து பிரசவம் பார்க்கிறார். வெள்ளம் வடிந்து நிஜத் தாய் வந்து நின்றபோதுதான் விஷயம் தெரிகிறது. அதனால்தான் சுவாமிக்குத் தாயுமானவர் என்று பெயர். சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று கர்ப்பிணிகளுக்காக இங்கே வேண்டிக்கொண்டு, பிறகு வாழைத்தார் சமர்ப்பிப்பது இன்றும் வழக்கம்.

இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கிறேன். எப்போது கேட்டாலும் என் மனம் பிரசவ அறையில், ரத்னாவதியின் பக்கத்தில்தான் நிற்கும். அக்கரையில் நின்றவள் என்ன செய்தாள், யாரோடு பேசினாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

பதினெட்டாம் பெருக்குக்கு நாலு நாள் கழித்து, விடியற்காலையில் முதல் பஸ் பிடித்து, பாலம் தாண்டி அம்மா மண்டபத்தில் இறங்கினேன். காவிரியில் தண்ணீர் நிறைந்து ஓடியது. கீழ்ப்படிகளில் இறங்கவில்லை, ஆற்றில் நீர் வரத்து உள்ள நாளில் படம் எடுக்கும் மும்முரத்தில் படியிறங்குவது ஆபத்து, நீங்களும் இறங்காதீர்கள். மேல் படியில் நின்று பார்த்தேன். தெற்கே, தண்ணீருக்கும் மரங்களுக்கும் அப்பால், மலை சின்னதாக நின்றது. சூரியன் இடது பக்கமிருந்து வந்ததால் பாறையின் ஒரு பாதியில் வெளிச்சம், மறு பாதியில் நிழல். காலண்டரில் பெரிதாக இருக்கும் மலை இங்கே கட்டை விரல் அளவுதான். படம் முழுக்க ஆறுதான் ஓடியது.

எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாள் ஈரப் புடவையோடு உட்கார்ந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டுக் கொண்டிருந்தார். "உங்க முகம் தெரியாம, பின்னாலேர்ந்து ஒரு படம் எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். "எடுத்துக்கோ, முதுகுல என்ன அழகு இருக்கு!" என்றார். அவர் முதுகு, ஆறு, தூரத்தில் மலை. மூன்று படம் எடுத்தேன். இரண்டாவது அமைந்தது.

அங்கிருந்தே அனுப்பினேன். அரை மணி நேரம் பதில் இல்லை. பஸ்ஸில் வரும்போது போன் அடித்தது.

"இது எங்கே நின்னு எடுத்தேம்மா?"

"அக்கரையிலே."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. கதை அவளுக்கும் தெரியும், நான்தான் சொல்லித் தூங்க வைத்திருக்கிறேன். "இதையே மாட்டிக்கறேம்மா" என்றாள்.

வீட்டுக்கு வந்து அத்தையிடம் காட்டினேன். அவர் போனைக் கிட்டே வைத்து, தூர வைத்துப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் தள்ளி நின்னிருக்கலாம். நாங்க குளிக்கற படி அந்தாண்டை" என்றார். பிறகு, "ஆவணி பொறந்ததும் நீ கிளம்பு. என்னை யாராவது பாத்துப்பாங்க" என்றார். அன்று அவருக்குக் கஞ்சி கொடுத்தபோது டம்ளரைச் சத்தமில்லாமல் வைத்தேன்.

37-ஆம் வாரத்தில் ஆபரேஷன் செய்து பேத்தி பிறந்தாள். தாயும் சேயும் சுகம். நான் போய்ச் சேர்ந்தபோது குழந்தைக்குப் பன்னிரண்டு நாள். அதுவரை என் பெண்ணுக்கு வேளாவேளைக்குப் பத்தியம் வடித்துப் போட்டவர் அவளுடைய மாமியார். கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் படம் தொங்கியது. படத்தில் இருப்பது என் அம்மாதான் என்று அந்த அம்மாள் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லியிருக்கிறார்! நானும் திருத்தவில்லை.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். எல்லோரும் நிற்கும் இடத்தை விட்டுக் கொஞ்சம் விலகி நின்று பாருங்கள். எங்கே நிற்பது என்று தெரியாவிட்டால் வீட்டில் இருக்கும் வயதானவர்களைக் கேளுங்கள். நேர்ந்துகொண்ட வாழைத்தார் இன்னும் பாக்கி இருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தை மாதம் வருகிறார்கள். அத்தை இப்போது வாக்கரைப் பிடித்துக் கொண்டு வாசல் வரை நடக்கிறார். மலை ஏற முடியாது. அம்மா மண்டபம் வரை ஆட்டோவில் அழைத்துப் போவதாக இருக்கிறோம். எந்தப் படியில் நிற்க வேண்டும் என்று அவரே காட்டட்டும்.