நனைவதற்கென்றே ஓர் இறகு

கோதையாற்றின் குறுக்கே 1906-இல் கட்டி முடிக்கப்பட்டது பேச்சிப்பாறை அணை. அங்கே முங்கி முங்கி மீன் பிடித்தே பிழைக்கிற நீர்க்காகம், ஒவ்வொரு முறையும் தொப்பலாக நனைந்துதான் எழுகிறது. வயலில் மேயும் வாத்தின் முதுகிலோ ஒரு சொட்டும் ஒட்டாது.

நீர்க்காகத்துக்கு எண்ணெய்ச் சுரப்பி கிடையாது, அதனால்தான் நனைகிறது என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். சுரப்பி வாலடியில் பத்திரமாக இருக்கிறது. சூட்சுமம் இறகின் நெசவில்.

கீழே கிடக்கும் காக்கை இறகு ஒன்றை எடுத்துப் பாருங்கள். நடுத்தண்டின் இருபுறமும் கிளையிழைகள். அவற்றில் கண்ணுக்கு எட்டாத நுண்ணிழைகள், நுண்ணிழைகளில் கொக்கிகள். விரலால் பிரித்துவிட்டு நுனிப்பக்கமாக நீவினால் பிளவு தானே கூடிக்கொள்ளும்! இழைகளுக்கிடையே காற்று சிக்கி நிற்பதால், நீர்த்துளி அவற்றின் முகட்டை மட்டும் தொட்டு உருண்டோடுகிறது. 1944-இல் இதற்குக் கணக்கு எழுதிய கேஸி, பாக்ஸ்டர் இருவரும் பறவை ஆய்வாளர்கள் அல்ல. அவர்களுடைய கவலை நனையாத துணி.

நீர்க்காகத்தின் உடலிறகில் நடுப்பகுதி நெருக்க நெசவு, ஓரம் கட்டவிழ்ந்தது. ஓரத்தில் நீர் புகுந்து காற்றை விரட்டும். நடுப்பகுதி தோலையொட்டி மெல்லிய காற்றுப் படலத்தைக் காக்கும். ஒரே இறகில் இரண்டு வேலை.

காற்றை ஏன் விரட்ட வேண்டும்? சின்ன நீர்க்காகத்தின் எடை அரைக் கிலோ அளவுதான். ஒரு டம்ளர் காற்றை, அதாவது 200 மில்லியை, இறகுக்குள் சுமந்து முங்கினால், அது ஏறக்குறைய 200 கிராம் எடையைத் தூக்கும் விசையோடு மேலே தள்ளும். அப்புறம் மீனைத் துரத்துவதா, மிதப்போடு மல்லுக்கட்டுவதா? பத்து மீட்டர் ஆழம் போனால் நீரழுத்தம் அந்தக் காற்றைப் பாதியாகச் சுருக்கிவிடும். ஆனால் சின்ன நீர்க்காகத்தின் வேட்டை பெரும்பாலும் ஆழமில்லாத நீரில்தான். மிதப்பின் தொல்லை அங்கேதான் அதிகம்.

சுசீந்திரம், தேரூர் குளங்களில் காணும் பாம்புத்தாரா இதிலும் ஒரு படி மேல். அதன் இறகு முழுக்கவே நனையும். உடல் நீருக்குள் அமிழ, கழுத்து மட்டும் பாம்புபோல வெளியே நெளியும். ஓசையின்றி அமிழ்ந்து, மடித்த கழுத்தைச் சட்டென நீட்டி, ஈட்டி அலகால் மீனைக் குத்திவிடும். இதற்கு விலையும் உண்டு: உடற்சூடு வேகமாகப் போய்விடுகிறது. அதன் நெருங்கிய அமெரிக்க உறவுப் பறவை, இறகு காய்ந்திருந்தாலும் குளிர்நேரத்தில் வெயிலுக்கு முதுகைக் காட்டி இறக்கை விரித்து நிற்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அது ஈரம் உலர்த்த அல்ல, குளிர்காய.