எழுத்துக்குள் ஓர் ஆண்டு

பட்டுத் தறிகளின் ஊர் என்றே நாம் ஆரணியை அறிவோம். அது ஒரு போர்க்களமாகவும் இருந்தது. கர்நாடக நவாப் பட்டத்திற்கான போட்டியில், சந்தா சாகிபின் மைந்தர் ரசா சாகிபையும் அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுப் படையையும் இராபர்ட் கிளைவ் 1751 டிசம்பர் 3ஆம் நாள் இங்கு முறியடித்தார். அப்பொழுது திருச்சிராப்பள்ளியில் முற்றுகைக்குள் அடைபட்டிருந்த முகம்மது அலிக்கு அடுத்த ஆண்டு வழி திறந்தது. நவாப் வாலாஜா என வரலாறு கூறுபவர் அவரே.

அவர் குடும்பத்தார் எழுப்பியதே சென்னைத் திருவல்லிக்கேணியின் வாலாஜா பெரிய பள்ளிவாசல். சாந்தோம் பேராலயத்திற்குத் திருயாத்திரை செல்லும் நம்மவர், சற்று வடக்கே சென்றால் அதனைக் காணலாம். மரமும் இரும்புமின்றிச் சாம்பல் நிறக் கருங்கல்லால் கட்டப்பட்டது என்பர். காயிதே மில்லத் இஸ்மாயில் சாகிப் 1972இல் அதன் வளாகத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

இப்பள்ளியின் ஆண்டைக் கூறும் கல்வெட்டுத்தான் நம் வியப்புக்குரியது. அரபு எழுத்து ஒவ்வொன்றிற்கும் ஓர் எண் மதிப்புண்டு. 'திக்ருல்லாஹி அக்பர்', அதாவது 'இறைவனை நினைவுகூர்தலே மிகப் பெரிது' என்னும் தொடரே அங்கு ஆண்டாகி நிற்கிறது. திக்ர் 920, அல்லாஹ் 66, அக்பர் 223, கூட்டினால் 1209. அந்த ஹிஜ்ரி ஆண்டு, நம் கணக்கில் 1794-95. ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் சிலவற்றில், இலத்தீன் வாசகத்தின் எழுத்துகளுள் ரோம எண்களைப் பொதிந்து ஆண்டு குறித்த வழக்கமும் இத்தகையதே. பொருளும் பிசகாமல், கணக்கும் பிசகாமல் அமைப்பது எளிதன்று. ஓர் எழுத்து மாறினால் ஆண்டே மாறிவிடும்.

இதனை யாத்தவர் மௌலவி அல்லர். நவாபிடம் முன்ஷியாகப் பணியாற்றிய இந்துப் புலவர் ராஜா மக்கன்லால் கிரத். தொழுகைக்கூடத்தின் கல்லில் வேற்றுச் சமயத்தவர் ஒருவரின் சொல்லைப் பொறிக்க நவாப் குடும்பம் தயங்கவில்லை. அவரும், தம் சமயம் அன்றென ஒதுங்கவில்லை.

நவாபின் வாழ்வோ கடனில் மூழ்கியது. அக்கடன்களின் ஊழலைக் குறித்து எட்மண்ட் பர்க் 1785இல் இலண்டன் பாராளுமன்றத்தில் முழங்கினார். வாலாஜா 1795இல் மறைந்தார். 1801இல் கும்பெனியார் நாட்டின் ஆட்சியையே எடுத்துக்கொண்டனர். பள்ளிவாசலில் தொழுகை நிற்கவில்லை.

இந்நாளிலும் ரமலான் மாலைகளில் அங்கு நோன்பு திறக்க வருவோர்க்கு உணவு பரிமாறுபவர்களுள், சூஃபிதார் ஆலயத்தைச் சேர்ந்த சிந்தி இந்துத் தொண்டர்கள் பல்லாண்டுகளாக உள்ளனர். பிரிவினைக்குப்பின் சிந்துவை விட்டு வந்தோர் தொடங்கிய ஆலயம் அது. மதக்கலவரத்தால் ஊரை இழந்தவர்களின் வழியினர், பள்ளிவாசல் முற்றத்தில் தட்டேந்தி நிற்கின்றனர்.